1918-இல் ஜெர்மனி ரஷ்யாவுக்குள் இன்னும் ஆழமாகப் போயிருந்தால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் முதல் உலகப் போரின் கிழக்குப் போர்முனையைப் பற்றிப் பேசத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. 1918 பிப்ரவரிக்கு வந்ததும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எதிரில் படையே இல்லாதபோது ஜெர்மானியர்கள் ஏன் நின்றார்கள், இன்னும் பத்து நாள் நடந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நடந்தது எது, என் ஊகம் எது என்று பிரித்தே சொல்கிறேன்.

தேதிகள் எல்லாம் புதிய நாட்காட்டிப்படி. 1918 ஜனவரி 31-க்கு மறுநாளை பிப்ரவரி 14 என்று வைத்துத்தான் ரஷ்யா புதிய நாட்காட்டிக்கு மாறியது. அதனால் பழைய நூல்களில் சில தேதிகள் 13 நாள் முன்னால் இருக்கும்.

முதல்ல, உண்மையில என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுங்க. எனக்கு பிரெஸ்ட்-லிதோவ்ஸ்க்னு பேரு மட்டும்தான் தெரியும்.

1917 நவம்பர் 7-இல் அன்றைய ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) லெனின் தலைமையிலான போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தார்கள். மறுநாளே சமாதானம் வேண்டும் என்று அரசாணை போட்டார்கள். டிசம்பர் 15-இல் போர்நிறுத்தம் ஆனது. 22-ஆம் தேதி பிரெஸ்ட்-லிதோவ்ஸ்க் கோட்டையில் பேச்சுவார்த்தை தொடங்கியது. ஜெர்மனி தரப்பில் வெளியுறவுச் செயலர் கூல்மனும் ஜெனரல் ஹாஃப்மனும் உட்கார்ந்தார்கள். சோவியத் தரப்பில் முதலில் யோஃபே, ஜனவரியிலிருந்து வெளியுறவு ஆணையர் ட்ராட்ஸ்கி.

1918 பிப்ரவரி 9-இல் உக்ரைனின் மத்திய ராடா, அதாவது அங்கே அமைந்த தேசிய மன்றம், தனியாக ஜெர்மனியோடு சமாதானம் செய்துகொண்டது. மறுநாள் ட்ராட்ஸ்கி, "போரும் இல்லை, சமாதானமும் இல்லை" என்று அறிவித்துவிட்டு எழுந்து போனார். 18-ஆம் தேதி ஜெர்மன் படை கிளம்பியது. அன்றைக்கே த்வின்ஸ்க் விழுந்தது. 21-இல் மின்ஸ்க், 25-க்குள் ப்ஸ்கோவும் தாலினும், மார்ச் தொடக்கத்தில் கீவும் நார்வாவும் போயின. மார்ச் 3-இல் சோவியத் பிரதிநிதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பழைய பேரரசின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதோடு கைவிட்டுப் போனது.

அவ்வளவு வேகமா எப்படி முடிஞ்சுது? மூணு வருஷமா நின்ன ரஷ்யப் படை எங்க போச்சு?

வீட்டுக்குப் போனது. நிலம் பங்கிடப்படுகிறது என்று கேள்விப்பட்ட விவசாயச் சிப்பாய் பதுங்குகுழியில் எதற்கு உட்கார்ந்திருப்பான்? 1917 கோடையிலிருந்தே படை கரைந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் பல இடங்களில் பதுங்குகுழிகளே காலி. மிச்சம் இருந்த படையையும் அரசே கலைக்கத் தொடங்கியிருந்தது.

ஜெர்மானியர்கள் இந்த நடவடிக்கைக்கு 'ஃபாஸ்ட்ஷ்லாக்', அதாவது முஷ்டி அடி, என்று பெயர் வைத்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட டிவிஷன்கள் கணக்கில் இருந்தாலும் உண்மையில் முன்னால் போனது சின்னச் சின்னக் குழுக்கள்தான். ஒரு ரயிலில் கொஞ்சம் காலாட்படை, இயந்திரத் துப்பாக்கிகள், ஒரு பீரங்கி. அடுத்த ஸ்டேஷனைப் பிடித்து, அங்கே இருப்பவர்களைக் கைது செய்துவிட்டு மறுபடி ரயில் ஏறுவார்கள். முதல் வாரத்திலேயே 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்தார்கள். இது முக்கியமான விவரம். படை போனது தண்டவாளத்தின் மேல். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த நாட்டை யாரும் பிடிக்கவில்லை. பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடை இதில் இருக்கிறது.

ட்ராட்ஸ்கி சொன்னது சுத்த முட்டாள்தனம் இல்லையா?

முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அது ஒரு பந்தயம். 1918 ஜனவரியில் வியன்னாவில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 28-ஆம் தேதி பெர்லினில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். ஜெர்மனியில் புரட்சி வெடிக்கும், சண்டையே போடாத நாட்டின் மேல் ஜெர்மன் சிப்பாய் சுட மாட்டான் என்று ட்ராட்ஸ்கி நம்பினார். நம்புவதற்குக் காரணம் இருந்தது. ஜெர்மன் வெளியுறவுத் துறையே திகைத்துப் போனது. அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் கூல்மன் வாதிட்டார். ஆனால் பிப்ரவரி 13-இல் பாட் ஹோம்பர்கில் ஜெர்மன் பேரரசர் கைசர் முன்னிலையில் நடந்த கூட்டத்தில் படைத் தலைமையை நடத்திய ஜெனரல் லூடண்டார்ஃபின் பேச்சே எடுபட்டது. ட்ராட்ஸ்கி பந்தயத்தில் தோற்றார். ஜெர்மன் புரட்சி ஒன்பது மாதம் கழித்துத்தான் வந்தது.

பெத்ரோகிராட் பக்கத்துல வந்துட்டு ஏன் நின்னாங்க? பயமா?

பயம் இல்லை. நார்வாவிலிருந்து பெத்ரோகிராட் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அந்த மாதிரி ரயில் பயணத்தில் இரண்டு மூன்று நாள் தூரம்.

நின்றதற்கு முதல் காரணம், ஜெர்மனிக்கு வேண்டியது கையெழுத்து. மார்ச் 21-இல் மேற்கே பெரிய தாக்குதலைத் தொடங்க லூடண்டார்ஃப் தேதி குறித்துக்கொண்டிருந்தார். அதற்குள் கிழக்கை மூட வேண்டும். இரண்டாவது காரணம் சோறு. பெத்ரோகிராடில் இருபது லட்சம் பேர் அளவுக்கு இருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் ரொட்டி வரை ரேஷன் இறங்கியிருந்தது. அந்த நகரத்தைப் பிடிப்பவன்தான் அதற்குச் சோறும் போட வேண்டும். ஜெர்மனியே ஒரு வருடம் முன்பு டர்னிப் கிழங்கைத் தின்று குளிர்காலத்தைக் கழித்த நாடு. மூன்றாவது, போல்ஷெவிக்குகள் ஆட்சியில் இருக்கும்வரை ரஷ்யா எழுந்து நிற்காது என்று ஜெர்மன் வெளியுறவுத் துறை கணக்குப் போட்டது. பலவீனமான பக்கத்து வீட்டுக்காரனை எதற்கு அடித்துத் துரத்த வேண்டும்?

பிப்ரவரி 23 செம்படை ஜெர்மனியைத் தோற்கடிச்ச நாள்னு சோவியத் புத்தகத்துல படிச்சேனே?

நானும் பள்ளிப் பருவத்தில் அந்தப் புத்தகங்களைப் படித்துத்தான் வளர்ந்தேன், அதனால் இதைச் சொல்லக் கொஞ்சம் வருத்தம்தான். அன்றைக்கு அப்படி ஒரு வெற்றி நடக்கவில்லை. ப்ஸ்கோவ் அதற்கு மறுநாளும் அதற்கடுத்த நாளுமாக ஜெர்மானியர் கைக்குப் போனது. நார்வாவில் திபெங்கோவின் கடற்படைக் குழு பின்வாங்கி வெகுதூரம் போய்விட்டது. சில இடங்களில் உண்மையான எதிர்ப்பு இருந்தது. ஆனால் ஜெர்மன் முன்னேற்றத்தை நிறுத்தியது ஒப்பந்தம்தான்.

பிப்ரவரி 23-இல் வேறொன்று நடந்தது. அதுதான் அடுத்த கேள்வி.

சரி, மாற்று வரலாறு எழுதணும்னா எந்த இடத்துல திருப்பணும்? லெனினைக் கொன்னுடணுமா?

யாரையும் கொல்ல வேண்டாம். நாலு பேர் கையைத் தூக்கினால் போதும்.

ஜெர்மனியின் புதிய நிபந்தனைகள் பிப்ரவரி 23 காலை பெத்ரோகிராடுக்கு வந்தன. முன்பு கேட்டதைவிடக் கடுமையானவை. பதில் சொல்ல 48 மணி நேரம் கெடு. கட்சியின் மத்தியக் குழு கூடியது. ஏற்காவிட்டால் அரசிலிருந்தும் குழுவிலிருந்தும் விலகுவேன் என்றார் லெனின். வாக்கெடுப்பில் ஏற்கச் சொன்னவர்கள் ஏழு பேர்: லெனின், ஸ்டாலின், ஸ்வெர்த்லோவ், சினோவியேவ், சொகோல்னிகோவ், ஸ்மில்கா, ஸ்தாசோவா. எதிர்த்தவர்கள் நாலு பேர்: புகாரின், லோமோவ், பூப்னோவ், உரித்ஸ்கி. ஒதுங்கியவர்கள் நாலு பேர்: ட்ராட்ஸ்கி, கிரெஸ்தின்ஸ்கி, செர்ஜின்ஸ்கி, யோஃபே. ஒதுங்கிய நால்வரும் எதிர்த்திருந்தால் எட்டுக்கு ஏழு, சமாதானம் இல்லை.

இந்த நால்வருக்கும் லெனினின் வாதம் பிடிக்கவில்லை. கட்சி பிளந்து கிடக்கும்போது புரட்சிப் போர் நடத்த முடியாது என்பதால்தான் ட்ராட்ஸ்கி ஒதுங்கினார். அதே இரவு சோவியத்துகளின், அதாவது தொழிலாளர், சிப்பாய் மன்றங்களின், மத்தியச் செயற்குழுவில் 116 பேர் ஆதரவு, 85 பேர் எதிர்ப்பு, 26 பேர் ஒதுங்கினார்கள். நூலிழையில் தொங்கிய முடிவு. மாற்று வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் தளபதிகளின் மனதை மாற்றப் பார்க்கிறார்கள். நான் இந்த அறையைத்தான் பார்க்கச் சொல்வேன்.

வாக்கெடுப்பு மாறியிருந்தா பெத்ரோகிராட் விழுந்திருக்குமா?

விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், அநேகமாக மார்ச் நடுவுக்குள். செம்படைக்கான ஆணை பிறந்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பழைய ஜார் படையின் ஜெனரல் போஞ்ச்-ப்ருயெவிச் நகரத்துக்கு மேற்கே 'திரை' என்ற பெயரில் சின்னப் பிரிவுகளை நிறுத்திக்கொண்டிருந்தார். அவை காவல் காக்கும் படைகள், தடுத்து நிறுத்தும் படைகள் இல்லை.

நிஜத்தில் அரசு மார்ச் 10 இரவு ரயில் ஏறி மாஸ்கோவுக்குப் போனது. மாற்றுக் கதையில் அதே ரயில் பத்து நாள் முன்னால் கிளம்பும். அது பெரிய வித்தியாசம் இல்லை. பெரிய வித்தியாசம் பால்டிக் கப்பற்படையில். நிஜத்தில் ஹெல்சிங்கியில் உறைந்து கிடந்த கப்பல்களை ஷ்சாஸ்ட்னி என்ற அதிகாரி பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு பெத்ரோகிராடுக்கு அருகிலுள்ள கடற்படைத் தளமான கிரான்ஷ்டாட்டுக்குக் கொண்டுவந்தார். பெத்ரோகிராட் விழுந்தால் கிரான்ஷ்டாட் எங்கே நிற்கும்? கப்பல்களை மூழ்கடித்திருப்பார்கள் அல்லது அவை ஜெர்மனிக்குப் போயிருக்கும். அந்த மாலுமிகள் பிற்பாடு உள்நாட்டுப் போரில் எத்தனை இடத்தில் நின்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தலைநகரமே போச்சுன்னா போல்ஷெவிக் கதை முடிஞ்சுது தானே?

இதுதான் நான் அதிகம் கேட்கும் கேள்வி. என் பதிலுக்கு அதிகம் சண்டை வருவதும் இதில்தான். முடிந்திருக்காது. ஆனால் லெனினின் ஒரே கட்சி ஆட்சி வந்திருக்காமல் போயிருக்கலாம்.

நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். டிசம்பரிலிருந்து இடது சோஷலிஸ்ட் புரட்சியாளர்கள், அதாவது விவசாயிகளின் ஆதரவு பெற்ற கட்சியினர், அரசில் பங்காளிகள். பிரெஸ்ட் ஒப்பந்தம் உறுதியானதும் அவர்கள் மார்ச்சில் விலகினார்கள். ஜூலை 6-இல் மாஸ்கோவில் ஜெர்மன் தூதர் மிர்பாக்கைச் சுட்டுக் கொன்றார்கள். கலகம் அடக்கப்பட்டது. அதன்பின் ஒரே கட்சிதான். ஒப்பந்தம் இல்லை என்றால் இந்தப் பிளவுக்கு முதல் காரணமே இல்லை. லெனினை ஒரு நாள் கைது செய்துவிட்டு ப்யாதகோவ் தலைமையில் போர் நடத்தும் அரசு அமைக்கலாம் என்று பேச்சு அடிபட்டதாகப் புகாரினே 1923-இல் சொன்னார். பேச்சாகப் போனதுதான். ஆனால் எந்தத் திசையில் காற்று அடித்தது என்று அது காட்டுகிறது.

நிலமும் பெரியது. யூரலுக்கும் குஸ்னெட்ஸ்க் நிலக்கரி வயல்களுக்கும் பின்வாங்கி அங்கே ஒரு குடியரசு அமைப்போம் என்று லெனின் அந்த நாட்களில் பேசியதை ட்ராட்ஸ்கி நினைவுகூர்ந்திருக்கிறார். மேலே சொன்ன தண்டவாள விஷயத்தை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ரயில் போகும் கோட்டைத்தான் ஜெர்மனியால் பிடிக்க முடியும். வோல்காவுக்கு அப்பால் துரத்திப் போக அதற்கு ஆள் இல்லை.

மாஸ்கோ? நெப்போலியன் போனானே, கைசர் போக முடியாதா?

போயிருக்க முடியும் என்று ஹாஃப்மன் போருக்குப் பிறகும் நம்பினார். ஸ்மோலென்ஸ்க், பெத்ரோகிராட் கோடு வரை போய் அங்கே ஒரு புதிய ரஷ்ய அரசை நிறுவியிருக்கலாம் என்பது அவர் கருத்து. முதல் பாதியோடு ஒத்துப்போகிறேன். ஓர்ஷா வரை வந்தவர்களுக்கு ஸ்மோலென்ஸ்க் எட்டும் தூரம்தான்.

மாஸ்கோ ஓர்ஷாவிலிருந்து இன்னும் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். 1918-இல் கிழக்கில் மிச்சம் இருந்த ஜெர்மன் டிவிஷன்களில் 35 வயதுக்குக் கீழே இருந்தவர்களைப் பொறுக்கி எடுத்து மேற்கே அனுப்பிவிட்டார்கள். குதிரைகளும் போய்விட்டன. இருந்தது வயதான ஆட்கள். அவர்கள் ஸ்டேஷன்களைக் காக்கலாம். ஒரு பெரிய நகரத்தை, அதுவும் ஏப்ரலில் பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகும் காலத்தில், பிடித்து வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

பிடிச்ச இடத்துல யாரை உட்கார வச்சிருப்பாங்க?

இதற்கு ஊகமே தேவையில்லை, உக்ரைனைப் பார்த்தால் போதும். ராடாவோடு ஒப்பந்தம் போட்டபோது ஜூலை இறுதிக்குள் பத்து லட்சம் டன் தானியம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அதில் சிறு பகுதிதான் வந்தது. ஏப்ரல் 29-இல் ராடாவைத் தூக்கிவிட்டு ஸ்கோரோபாட்ஸ்கி என்ற நிலவுடைமையாளரான ஜெனரலை 'ஹெட்மன்' ஆக்கினார்கள். நிலம் பழைய முதலாளிகளுக்குத் திரும்பியது. கோடையில் கிராமங்கள் எழுந்தன. ஜூலை 30-இல் ஃபீல்ட் மார்ஷல் ஐக்ஹோர்னை கீவில் குண்டு வீசிக் கொன்றார்கள். லட்சக்கணக்கான சிப்பாய்களை அங்கே நிறுத்தியும் மூட்டை தானியத்துக்குக் கிராமம் கிராமமாக அலைய வேண்டியிருந்தது.

பெத்ரோகிராடிலும் அதே கதைதான் நடந்திருக்கும், ஒரு வித்தியாசத்தோடு: அங்கே தானியமே இல்லை. ஆள் கிடைத்திருப்பார்களா என்றால், கிடைத்திருப்பார்கள். தாராளவாதக் கட்சியின் தலைவரும் போர் முழுக்க ஜெர்மனியை எதிர்த்தவருமான மில்யுகோவே 1918 கோடையில் கீவில் ஜெர்மானியர்களோடு பேசினார். தோன் பகுதியில் கொசாக்குகளின் தலைவர் கிராஸ்னோவ் ஜெர்மன் ஆயுதம் வாங்கிக்கொண்டார். ஆனால் போல்ஷெவிக்குகளை எதிர்த்த ஜெனரல்கள் அலெக்ஸேயெவும் தெனீக்கினும் கடைசிவரை பிரிட்டன், பிரான்ஸ் பக்கமே நின்றார்கள். ஆகவே ஜெர்மனி நிறுவும் எந்த அரசும் வெள்ளையர்களை, அதாவது போல்ஷெவிக் எதிர்ப்பு ரஷ்யர்களை, இரண்டாகப் பிளந்திருக்கும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஜார் குடும்பம் பிழைச்சிருக்குமா?

பிப்ரவரி, மார்ச்சில் அவர்கள் யூரல் மலைகளுக்கு அந்தப் பக்கம், தொபோல்ஸ்கில் இருந்தார்கள். ஜெர்மன் ரயில் எட்டாத இடம். ஏப்ரல் இறுதியில் ஜாரை யெகாதெரின்பர்குக்கு மாற்றினார்கள். ஜூலை 17 அதிகாலையில் குழந்தைகளோடு எல்லாரையும் கொன்றார்கள். ஜெர்மனி முடியாட்சியைத் திரும்பக் கொண்டுவரும் என்ற பயம் கூடினால் அவர்களுடைய முடிவு முன்னால் வந்திருக்குமே தவிர, தள்ளிப் போயிருக்காது. அந்தக் குழந்தைகளுக்கு எந்தக் கதையிலும் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

லெனின்தான் ஜெர்மன் ஏஜென்ட் ஆச்சே. சொந்த ஏஜென்ட்டை எதுக்கு அடிக்கணும்?

1917 ஏப்ரலில் லெனினை ஜெர்மனி தன் மண் வழியாக ரயிலில் அனுப்பியது உண்மை. ரஷ்யாவில் கலகம் செய்பவர்களுக்கு ஜெர்மன் வெளியுறவுத் துறை பணம் செலவழித்ததும் உண்மை. ஆனால் இரண்டு பேர் ஒரே எதிரியை வெறுப்பதால் ஒருவர் மற்றவருக்கு வேலைக்காரர் ஆகிவிட மாட்டார். ஏஜென்ட் என்றால் பிப்ரவரி 18-ஆம் தேதி படையெடுப்பே தேவைப்பட்டிருக்காது.

பிப்ரவரி 22-இல் பிரிட்டன், பிரான்ஸிடம் உதவி வாங்கலாமா என்று மத்தியக் குழு விவாதித்தது. லெனின் கூட்டத்துக்கு வரவில்லை. ஆங்கில, பிரெஞ்சு ஏகாதிபத்தியக் கொள்ளைக்காரர்களிடமிருந்து உருளைக்கிழங்கும் ஆயுதமும் வாங்குவதற்குத் தன் வாக்கையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிச் சீட்டு அனுப்பினார். யாரிடமிருந்து கிடைத்தாலும் வாங்கிக்கொள்வார், யாருக்கும் கட்டுப்பட மாட்டார். அவர் முறை அதுதான்.

அப்போ பிரிட்டனும் பிரான்ஸும் போல்ஷெவிக்குகளுக்கு உதவியிருப்பாங்கன்னு சொல்றீங்களா? நம்பவே முடியலையே.

நம்பக் கஷ்டம்தான். ஆனால் அதன் தொடக்கம் நிஜத்திலேயே நடந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகுமா ஆகாதா என்று தெரியாத மார்ச் 1-இல், நேச நாடுகளிடமிருந்து எந்த உதவி வந்தாலும் ஏற்றுக்கொள்ளச் சொல்லி வடக்குத் துறைமுகமான முர்மன்ஸ்கின் சோவியத்துக்கு ட்ராட்ஸ்கி தந்தி அடித்தார். சில நாளில் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் அங்கே இறங்கினார்கள், சோவியத்தின் சம்மதத்தோடு!

அப்புறம் செக் படையணி. ஆஸ்திரியாவுக்கு எதிராக ரஷ்யாவில் திரட்டப்பட்ட செக், ஸ்லோவாக் வீரர்கள் இவர்கள். மார்ச் நடுவில் உக்ரைனில் பஹ்மாச் ரயில் சந்திப்பில் ஜெர்மானியர்களை எதிர்த்துச் சண்டை போட்டார்கள். அப்போது அவர்களுக்கும் சிவப்புப் படைக்கும் ஒரே எதிரி. நிஜத்தில் அவர்களை விளாதிவஸ்தோக் வழியாகப் பிரான்ஸுக்கு அனுப்ப முடிவாகி, வழியில் ஆயுதத்தை ஒப்படைப்பதில் தகராறு முற்றி, மே மாதம் செல்யாபின்ஸ்கில் மோதல் வெடித்தது. சைபீரிய ரயில்பாதை முழுக்க அவர்கள் கைக்குப் போனது. உள்நாட்டுப் போர் பெரும் போரானது அங்கிருந்துதான்.

சோவியத் அரசு ஜெர்மனியோடு சண்டையில் இருந்தால் அந்தப் படையணியை வெளியே அனுப்ப வேண்டிய காரணமே இல்லை. அவர்கள் வோல்காவில் சிவப்புக் கொடிக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கலாம். ஆழமான ஜெர்மன் முன்னேற்றம் என்றதும் எல்லாரும் வரைபடத்தில் கோட்டை நகர்த்துகிறார்கள். எனக்கு யார் யாரோடு நின்றிருப்பார்கள் என்பதே பெரிய மாற்றமாகத் தெரிகிறது. இந்தக் கூட்டு எத்தனை நாள் நீடித்திருக்கும் என்றால், ஜெர்மனி தோற்கும்வரைதான். லண்டனும் பாரிஸும் சோவியத் அரசு ரத்து செய்த பழைய ரஷ்யக் கடன்களை மறந்திருக்கப் போவதில்லை.

பிப்ரவரியை விடுங்க. ஆகஸ்ட்ல பெத்ரோகிராடைப் பிடிக்க உண்மையிலேயே திட்டம் இருந்துச்சாமே?

இருந்தது. 'ஷ்லுஸ்ஷ்டைன்' என்று பெயர். வில்வளைவின் உச்சியில் வைக்கும் கல்லுக்கு அந்தப் பெயர். பிரிட்டிஷ் படை முர்மன்ஸ்கில் இருந்தது, ஆகஸ்ட் 2-இல் ஆர்காங்கெல்ஸ்கிலும் இறங்கியது. அவர்களை விரட்டும் சாக்கில் பெத்ரோகிராடையும் எடுத்துக்கொள்வது லூடண்டார்ஃபின் எண்ணம். பின்லாந்தில் ஏப்ரலிலிருந்தே ஜெர்மன் படை இருந்ததால் இரண்டு பக்கத்திலிருந்தும் வர முடியும்.

இதில் வியப்பான பகுதி, சோவியத் வெளியுறவு ஆணையர் சிச்செரினே ஆகஸ்ட் தொடக்கத்தில் பிரிட்டிஷாருக்கு எதிராக ஜெர்மன் உதவி கேட்டதுதான், பெத்ரோகிராடுக்குள் நுழையக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆகஸ்ட் 27-இல் துணை ஒப்பந்தம் கையெழுத்தானது. ரஷ்யா 600 கோடி மார்க் தர வேண்டும். செப்டம்பரில் இரண்டு தவணைத் தங்கம் பெர்லினுக்குப் போயும் சேர்ந்தது. மேற்கிலிருந்து அடி விழாது என்று தெரிந்ததால் லாத்விய ரைஃபிள் படையினர் உள்பட நல்ல பிரிவுகளை வோல்காவுக்கு அனுப்ப முடிந்தது. செப்டம்பர் 10-இல் கஸான் மீட்கப்பட்டது.

ஆகவே இந்தத் தேதியில் முன்னேற்றம் நடந்திருந்தால் விளைவு பிப்ரவரிக்கு நேர்மாறு. கஸான் செக் படையணியின் கையில், லெனின் ஆகஸ்ட் 30-இல் குண்டடிபட்டுப் படுக்கையில், நேச நாடுகள் ஏற்கெனவே எதிரிகள். அந்த மாதம் ஜெர்மனியும் அடித்திருந்தால் சோவியத் அரசு தாங்கியிருக்காது என்றே நினைக்கிறேன். தேதியைச் சொல்லாமல் "ஜெர்மனி முன்னேறியிருந்தால்" என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் எந்த மாதம் என்று கேளுங்கள். ஆனால் ஆகஸ்ட் 8-இல் அமியானில் மேற்குப் போர்முனை உடைந்துவிட்டது. செப்டம்பர் கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள்.

உள்ளே போயிருந்தா ஜெர்மனி போரையே ஜெயிச்சிருக்குமா?

இல்லை. சொல்லப்போனால் சீக்கிரமே தோற்றிருக்கும். நிஜத்திலேயே மார்ச் தாக்குதல் தொடங்கும்போது நாற்பதுக்கும் மேற்பட்ட டிவிஷன்கள் கிழக்கில் மாட்டிக்கொண்டிருந்தன. அதைக் கூட்டினால் மேற்கில் குறையும். கோடையில் அமெரிக்கச் சிப்பாய்கள் நாளுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் பேர் என்ற கணக்கில் பிரான்ஸில் இறங்கினார்கள். அதை ஈடுகட்ட ரஷ்யாவில் எதுவும் இல்லை. காஸ்பியன் கடலோர பாக்கு நகரத்துப் பெட்ரோலிய எண்ணெய் இருந்ததே என்று கேட்பார்கள். அங்கே செப்டம்பர் 15-இல் துருக்கியர்தான் நுழைந்தார்கள். ஜெர்மனிக்கு எண்ணெய் வந்து சேர நேரமே இருக்கவில்லை.

கடைசியா ஒண்ணு. ஸ்டாலினும் ஹிட்லரும் இல்லாத உலகம் வந்திருக்குமா?

ஸ்டாலின் விஷயத்தில் கொஞ்சம் சொல்லலாம். 1918 கோடையில் ஜாரிட்சினிலும் (பிற்காலத்து ஸ்டாலின்கிராட்), பின்னர் கட்சி அலுவலகங்களிலும்தான் அவர் தன் ஆட்களைச் சேர்த்தார். 1922 ஏப்ரலில் பொதுச்செயலர் ஆனார். கூட்டணி அரசு நீடித்து, லெனினின் பக்கம் வாக்களித்தவர்கள் தோற்ற பக்கமாக ஆகியிருந்தால் அந்த ஏணி அப்படியே இருந்திருக்காது. ஹிட்லரைப் பற்றி இந்தக் கதையிலிருந்து எதையும் சொல்ல முடியாது. ஜெர்மனி தோற்றால் தோல்வியின் கசப்பும் வரும். அதற்கு மேல் சொல்வது ஜோசியம்.

பெரிய நாடுகளைப் பத்தியே பேசறீங்க. பின்லாந்து, எஸ்டோனியா மாதிரி சின்ன நாடுகள்?

நியாயமான குறை. பின்லாந்தில் 1918 அக்டோபரில் ஹெஸ்ஸே இளவரசர் ஃப்ரீட்ரிக் கார்லை அரசராகவே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஜெர்மனி விழுந்ததால் அவர் பதவி ஏற்கவில்லை. பெத்ரோகிராடும் ஜெர்மன் கையில் இருந்திருந்தால் பின்லாந்து இன்னும் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். எஸ்டோனியாவிலும் லாத்வியாவிலும் பால்டிக் ஜெர்மன் பிரபுக்கள் தங்களுக்கென ஒரு சிற்றரசு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எஸ்டோனியர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். சிவப்புப் படை தாலினிலிருந்து கப்பல் ஏறிக்கொண்டிருந்தது, ஜெர்மன் படை உறைந்த கடலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளியில், பிப்ரவரி 24 அன்று, சுதந்திரப் பிரகடனம் வெளியானது. மறுநாள் ஜெர்மானியர்கள் நுழைந்தார்கள். அவர்கள் அதை ஏற்கவில்லை. அரசின் தலைவராக அறிவிக்கப்பட்ட பேட்ஸைப் பிறகு சிறையிலும் போட்டார்கள். ஆனால் எஸ்டோனியா இன்றும் தன் சுதந்திர நாளாகக் கொண்டாடுவது அந்த பிப்ரவரி 24-ஐத்தான். ஜெர்மன் படை ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் அந்தத் தேதி இருந்திருக்காது.